ஆள் மாற்றமும் வழுவமைதியும்: தொலைக்காட்சிப் பாத்திரங்கள் பற்றிய பார்வையாளர் ஊகங்கள் - கார்டன் ரீச்சிலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில், ஹூக்ளி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது கார்டன் ரீச். துறைமுகம், கப்பல் கட்டும் தளம், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், ஒட்டினாற்போல் மெட்டியாபுரூஸின் தையல் தெருக்கள். ரயில்வே வேலையை நம்பி இங்கே வந்து தங்கிய தென்னிந்தியக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் சன் டிவி. சுவருக்கு அந்தப் பக்கம் வங்காளக் குடும்பத்தில் துப்பறிவாளர் ஃபெலுதாவோ பியோம்கேஷோ. இரண்டு வீட்டுப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவள் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத எனக்குள்ள தகுதி.

2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் ஜி. மாரிமுத்து சென்னையில் மாரடைப்பால் காலமானார். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்துக்கொண்டிருந்தவர். செய்தி வந்ததும் அம்மா சொன்ன வாக்கியத்தை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “அந்த மனுஷன் போயிட்டார்டி. இனிமே குணசேகரன் எப்படி வருவான்?”

முதல் வாக்கியத்தில் ‘போயிட்டார்’. இரண்டாவதில் ‘வருவான்’. நடிகருக்கு மரியாதைப் பன்மை, பாத்திரத்துக்கு ஒருமை. ஒரே மூச்சில் இரண்டு பேரைப் பிரித்துவிட்டாள் அம்மா. நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்பது தமிழ்ப் பார்வையாளருக்குத் தெரியாது, சீரியலை நிஜம் என்று நம்பி அழுகிறவர்கள் அவர்கள், என்று படித்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் வினைமுற்று அதை மறுக்கிறது.

இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: ஒரு பாத்திரத்தின் முகமோ குணமோ மாறும்போது, பார்ப்பவர்கள் அந்த மாற்றத்துக்குத் தாங்களே ஒரு காரணம் கட்டுகிறார்கள். அந்த ஊகங்கள் எப்படிப் பிறக்கின்றன, எந்த விதிக்கு உட்படுகின்றன, எந்த எல்லையில் நிற்கவேண்டும்?

2. அளவுகோல்

இதை அளக்க வெளியிலிருந்து கோட்பாடு வாங்கவேண்டிய தேவை இல்லை. தமிழ் இலக்கணத்திலேயே அதற்கான கருவி இருக்கிறது. அதன் பெயர் வழுவமைதி.

இலக்கணம் வழாத சொல் வழாநிலை, பிழைபட்டது வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகைப்படும் என்கிறது நன்னூல். அதை எழுதிய பவணந்தியார் அத்தோடு விட்டுவிடவில்லை. பிழைதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற மூன்றாம் நிலையையும் வைத்தார். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு. ஆனால் அன்பு மிகுந்து சொன்னது என்பதால் அமைதி பெறுகிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று அமைதிக்கு ஐந்து காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன.

வழுவமைதி பிழையை மறைப்பதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பசு பசுதான், அம்மை அல்ல என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே, அந்தப் பிழை எதற்காக நேர்ந்தது என்று கேட்டு, அதற்கு இடம் கொடுக்கிறது இலக்கணம்.

பார்வையாளர் ஊகமும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் வாதம். “நடிகர் மாறிவிட்டார், அவ்வளவுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள் வழுவைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். ஊகம் செய்பவர்களுக்கு அந்த வழு முன்பே தெரியும். அவர்கள் தேடுவது அமைதி.

உலகத்தில் இதைத் தொடரே முன்வந்து செய்த இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் பிபிசியில் 1963 நவம்பரில் தொடங்கியது ‘டாக்டர் ஹூ’. முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னலின் உடல்நிலை சரிந்தபோது, 1966 அக்டோபரில், நாயகன் தன் உடலையே புதுப்பித்துக்கொள்ளும் வேற்றுக்கிரகத்தான் என்று கதையில் எழுதி, பாட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். முகமும் மாறும், குணமும் மாறும், ஆள் மட்டும் அவரே. தேவைக்காகச் செய்த ஓர் ஏற்பாடு பின்னால் அந்த உலகத்தின் சட்டமாகவே ஆகிவிட்டது. 1976ல் வந்த ஒரு கதையில் சில முன்பின் தெரியாத முகங்கள் திரையில் தோன்ற, ஹார்ட்னலுக்கு முன்பும் டாக்டருக்கு உருவங்கள் இருந்தனவா என்று ரசிகர்கள் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். 2020ல் தொடரே ‘ஆம்’ என்று கதை எழுதியது. உரையாசிரியர் சொன்னதை மூலநூலே ஏற்றுக்கொண்டது போல.

நம் தொடர்களுக்கு அந்த வசதி இல்லை. நம் பாத்திரங்கள் மனிதர்கள். அவர்களுக்கு ஒரு உடம்புதான்.

3. குணசேகரன்

‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. இயக்கம் திருச்செல்வம், ‘கோலங்கள்’ எடுத்தவர். நான்கு அண்ணன் தம்பிகள், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட படித்த பெண்கள், வீட்டுக்குள்ளேயே அவர்களை முடக்கிவைக்கும் மூத்தவன் குணசேகரன், சொத்தில் நாற்பது சதவீதத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் அப்பத்தா. கதை இவ்வளவுதான். ஆனால் மாரிமுத்து அந்த மூத்தவனுக்குக் கொடுத்தது கொடுமை மட்டும் அல்ல. ‘ஏய், இந்தாம்மா’ என்று அவர் இழுத்த இழுப்பில் அதிகாரம் இருந்தது, அதனடியில் ஒரு பயம் இருந்தது, தன் பிடி நழுவுகிறது என்று தெரிந்த மனிதனின் பதற்றம் இருந்தது. அதனால் சிரிப்பும் வந்தது. பெண்கள் அவனை வெறுத்தார்கள். அவன் திரையில் இல்லாத நாளில் தொடர் சப்பென்றிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

மாரிமுத்து மறைந்த பிறகு, குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்று கதை நகர்ந்தது. அந்தச் சில வாரங்கள்தான் ஊகத்தின் பொற்காலம். கதையில் அவனைக் கொன்றுவிடுவார்களா? நடிகருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பாத்திரத்தையும் முடித்துவிடுவார்களா? அல்லது வேறொருவர் வருவாரா? யார் வருவார் என்று பல நடிகர்களின் பெயர்கள் அடிபட்டன.

எங்கள் வீட்டில் கட்சி இரண்டு. அம்மாவின் கட்சி: அவன் வரக்கூடாது. அவன் இல்லாத வீட்டில் அந்த நான்கு பெண்களும் என்ன செய்கிறார்கள் என்று காட்டினாலே போதும், அதுதான் இந்தக் கதைக்கு முடிவு. அத்தையின் கட்சி: அவன் வந்தே ஆகவேண்டும். எதிரி தானாக ஒழிந்துபோனால் அந்தப் பெண்கள் ஜெயித்ததாக ஆகாது. அத்தை பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவள். கதையில் வரும் தடை எதற்கு என்று அவள் சொன்னதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

அக்டோபரில் வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப் பரம்பரை’ எழுதிய எழுத்தாளர். ‘மதயானைக் கூட்டம்’ முதலான படங்களில் மண்ணும் ரத்தமும் மணக்கும் பெரியவர்களாக நடித்தவர். அவர் கொண்டுவந்த குணசேகரன் வேறு ஆள். பார்வை இறுகியிருந்தது. பயம் இல்லை, ஆகவே சிரிப்பும் இல்லை. முந்தையவன் கத்துவான்; இவன் மிரட்டினான்.

இங்கே நடந்ததுதான் என் ஆய்வின் மையம். அம்மா முதல் வாரம் முழுக்க “அவன் இவன் இல்லை” என்றாள். இரண்டாம் வாரம் ஒரு விளக்கம் வந்தது: “வீட்டை விட்டுப் போன இடத்துல என்னவோ பட்டிருக்கான். அதான் முகமே இறுகிப் போச்சு.” இப்படி ஒரு காட்சியைத் தொடர் அவளுக்குக் காட்டவில்லை. நடிகர் மாறியதால் விழுந்த பள்ளத்தில், பாத்திரத்தின் வாழ்க்கையிலிருந்தே மண்ணெடுத்து அவள் நிரப்பினாள். குணசேகரன் காணாமல்போன நாட்கள் அவளுக்குக் கதையின் ஒரு பகுதி ஆகிவிட்டன. முகமாற்றத்தைக் குணமாற்றமாக்கி, குணமாற்றத்துக்கு ஒரு காயத்தைக் காரணமாக்கிவிட்டாள். அதன் பிறகுதான் அவளால் தொடரைப் பார்க்க முடிந்தது.

பவணந்தியாரின் ஐந்து காரணங்களில் இது எதில் சேரும்? உவப்பு இல்லை, அவனை அவளுக்குப் பிடிக்காது. உயர்வு, சிறப்பு இல்லை. செறலும் இழிப்பும் பாத்திரத்தின் மேல் உண்டு, ஆனால் ஊகம் அவற்றிலிருந்து பிறக்கவில்லை. அது பிறந்தது மறைந்த மனிதர்மேல் இருந்த இரக்கத்திலிருந்து. பழைய முகம் சும்மா மறைந்துபோகக் கூடாது, அதற்குக் கதைக்குள் ஒரு தடம் வேண்டும் என்ற தவிப்பு அது. தொலைக்காட்சி வழுவமைதிக்கு ஆறாவது காரணமாக இரங்கலைச் சேர்க்கவேண்டும் என்று இந்த இடத்தில் முன்வைக்கிறேன்.

விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லை பாத்திரத்துக்கும் இதே நிலை. சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தபின் காவ்யா அறிவுமணியும், அவருக்குப் பின் லாவண்யாவும் முல்லையானார்கள். பல வீடுகளில் இன்றும் சித்ராவைத்தான் முல்லை என்கிறார்கள். மற்ற இருவரையும் ‘புது முல்லை’ என்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன் வந்து நிற்கும் அந்த ஒரு அடைமொழியில் இரங்கல் இருக்கிறது.

4. ஜடாயுவின் வழுக்கை

சுவருக்கு அந்தப் பக்கம் போவோம். வங்காளத்தின் துப்பறிவாளர் ஃபெலுதா 1965 டிசம்பரில் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் பிறந்தார். படைத்தவர் சத்யஜித் ராய். 1971ல் வந்த ‘சோனார் கெல்லா’ கதையில் ஃபெலுதாவோடும் தம்பி தோப்ஷேயோடும் மூன்றாமவராக வந்து சேர்ந்தார் லால்மோகன் கங்குலி; ‘ஜடாயு’ என்ற புனைபெயரில் மலிவான சாகச நாவல்கள் எழுதுகிறவர். ராய் தன் கதைகளுக்குத் தானே படமும் வரைவார். 1974ல் அதே கதையைப் படமாக்கியபோது ஜடாயுவாகச் சந்தோஷ் தத்தாவை நடிக்கவைத்தார். அதற்குப் பிறகு வந்த கதைகளின் ஓவியங்களைப் பாருங்கள்: ஜடாயுவின் முகம் மெல்ல மெல்லச் சந்தோஷ் தத்தாவின் முகம் ஆகிறது, வழுக்கைத் தலை உள்பட.

இதைவிட நேர்மையான வழுவமைதியை நான் அறியேன். நடிகர் பாத்திரத்துக்கு ஏற்ப மாறுவது வழக்கம். இங்கே படைத்தவரே, பார்வையாளர் மனத்தில் பதிந்துவிட்ட முகத்துக்குப் பணிந்து, தன் பாத்திரத்தை மாற்றி வரைந்தார். சந்தோஷ் தத்தா 1988ல் மறைந்தார். அவர் இல்லாமல் இனி ஃபெலுதா படம் எடுப்பதற்கில்லை என்று ராய் முடிவு செய்தார். எடுக்கவும் இல்லை. 1992ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் பாத்திரம் நிற்கவில்லை. ராயின் மகன் சந்தீப் ராய் முன்னமே 1986ல் தூர்தர்ஷனுக்காக இந்தியில் ஒரு ஃபெலுதா தொடர் எடுத்திருந்தார். அதில் சஷி கபூர் ஃபெலுதா, மோகன் அகாஷே ஜடாயு. தொண்ணூறுகளின் நடுவில் வங்காளத் தொலைக்காட்சிக்குச் சப்யசாசி சக்ரவர்த்தி ஃபெலுதாவாக வந்தார். அவருடன் ஜடாயுவாக வந்த ரபி கோஷ் 1997ல் மறைந்தார். அடுத்து வந்த அனூப் குமார் 1998ல் மறைந்தார். பின் பிபு பட்டாச்சார்யா. அவரும் 2011ல் போனார். அதன்பின் சந்தீப் ராய் எடுத்த ‘பாத்ஷாஹி ஆங்டி’யிலும் (2014) ‘டபுள் ஃபெலுதா’விலும் (2016) ஜடாயு வராத கதைகளையே தேர்ந்தெடுத்தார். ஓவியத்தில் அப்பா செய்ததை மகன் மௌனத்தால் செய்தார்.

பக்கத்து வீட்டு மாஷிமா இதைப்பற்றி ஒருமுறை சொன்னார்: “லால்மோகன் பாபு நாவல் எழுதப் போயிருக்கிறார். முடித்ததும் வருவார்.” அம்மாவின் ‘போன இடத்துல என்னவோ பட்டிருக்கான்’ என்பதும் இதுவும் ஒரே இனம். பாத்திரம் திரையில் இல்லாத நேரத்திலும் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை அது. ஊகத்தின் முதல் விதியாக இதைக் கொள்ளலாம்.

இரண்டாவது விதி வயதைப் பற்றியது. முதல் கதையில் ஃபெலுதாவுக்கு இருபத்தேழு வயது. அதற்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் கதைகள் வந்தும் அவர் நடுவயதை எட்டவே இல்லை. ஆனால் நடிகர்களுக்கு வயதாகிறது. 2016ல் சப்யசாசிக்கு அறுபது. கொல்கத்தாவில் அதை ஒரு குறையாகச் சொன்னவர்கள் பலர். அது காலவழு என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் மாஷிமாவுக்கு அது உறுத்தவில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது படித்த ஃபெலுதா அவரோடு சேர்ந்து மூத்தவராகியிருந்தார். பார்வையாளரின் சொந்த வயதே அங்கே அமைதிக்குக் காரணமாக நின்றது.

5. பியோம்கேஷ்: குணம் மாறினால்?

இதுவரை பார்த்தவை முகம் மாறியவை. முகம் அப்படியே இருந்து ஆள் மாறுவது கடினமான சிக்கல்.

ஷரதிந்து பந்தியோபாத்யாய் 1932ல் எழுதத் தொடங்கிய பியோம்கேஷ் பக்‌ஷி தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்; ‘சத்யான்வேஷி’, உண்மையைத் தேடுகிறவன், என்பார். ஃபெலுதாவைப் போல வயது நின்றுபோனவர் அல்ல. தங்கும் விடுதியில் நண்பன் அஜித்தோடு இருந்தவர், ஒரு கொலை வழக்கில் சத்யவதியைச் சந்திக்கிறார், மணம் செய்துகொள்கிறார், பிள்ளை பெறுகிறார், நகரத்தின் தெற்கே சொந்த வீட்டைப்பற்றி யோசிக்கிறார். நடுவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் பியோம்கேஷ் கதையே வரவில்லை; அந்த இடைவெளியில்தான் ஷரதிந்து பம்பாய்க்குச் சினிமாவுக்கு எழுதப் போனார். 1951ல் பியோம்கேஷ் திரும்பி வந்தபோது நாடு விடுதலை அடைந்திருந்தது, பிரிந்திருந்தது, அந்த நகரமே வேறாகியிருந்தது. கடைசிக் கதைகளில் அஜித் கதைசொல்லியாகக்கூட இல்லை.

1993ல் பாசு சாட்டர்ஜி இதை இந்தியில் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். ரஜித் கபூர் பியோம்கேஷ், கே.கே. ரைனா அஜித். 1997ல் மீண்டும் ஒரு சுற்று. முகம் ஒன்றே. ஆனால் முதல் சுற்றின் குறும்பும் பின்னாள் கதைகளின் சோர்வும் ஒன்றல்ல. பின்னால் வரும் பியோம்கேஷ் குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு காவல்துறையிடம் ஒப்படைக்கலாமா என்று தயங்குகிற இடங்கள் உண்டு. அவர் ஏன் இப்படி ஆனார் என்பது கொல்கத்தா தேநீர்க் கடைகளில் தீராத விவாதம். கல்யாணம் அவரை மென்மையாக்கியது என்பார் ஒருவர். பஞ்சமும் கலவரமும் கண்டவனுக்குச் சட்டத்தின்மேல் நம்பிக்கை எப்படி இருக்கும் என்பார் இன்னொருவர். இரண்டாவது கட்சியே எனக்கு வலுவாகப்படுகிறது. ஏனென்றால் அது கதையின் காலத்தையும் எழுதியவரின் காலத்தையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. நல்ல ஊகத்துக்கு அடையாளம் அதுதான்: புதிதாக ஒன்றைக் கொண்டுவராமல், இருப்பதையே சேர்த்துக் காட்டும்.

அபீர் சாட்டர்ஜியின் நிலை விநோதமானது. 2010ல் பியோம்கேஷ் ஆனார், 2014ல் ஃபெலுதா ஆனார், 2015ல் மறுபடி பியோம்கேஷ். வேட்டி கட்டிய குடும்பஸ்தரும் சார்மினார் புகைக்கும் பிரம்மச்சாரியும் ஒரே முகத்தில். இங்கே ஊகம் உதவவில்லை. அடுத்த ஃபெலுதா படத்துக்குச் சப்யசாசியே திரும்பி வந்தார். ஒரு பாத்திரத்துக்குப் பல முகங்கள் இருந்தால் வழுவமைதி பிறக்கிறது. ஒரு முகத்துக்குள் இரண்டு பெரும் பாத்திரங்கள் புகுந்தால் வழு வழுவாகவே நின்றுவிடுகிறது. இதற்கான காரணத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஊகம் செய்பவர் பாத்திரத்தின் பக்கம் நிற்பவர். முகத்தைக் காப்பாற்ற அவர் வரமாட்டார்.

6. எல்லை: மெட்டியாபுரூஸ் மன்னர்

கார்டன் ரீச்சில் இருந்துகொண்டு இந்தப் பொருளை எழுதுகிறவர் வாஜித் அலி ஷாவைத் தாண்டிப் போக முடியாது. அவர் தொலைக்காட்சிப் பாத்திரம் அல்ல. ஆனால் ஊகம் எங்கே நிற்கவேண்டும் என்பதை அவர் கதைதான் காட்டுகிறது.

1856 பிப்ரவரி 7 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி அவத் நாட்டை எடுத்துக்கொண்டது. மன்னர் வாஜித் அலி ஷா மே மாதம் 13ஆம் தேதி கல்கத்தா வந்து இறங்கினார். அவருடைய தாயார் நியாயம் கேட்டு இங்கிலாந்து வரை போனார். கிடைக்கவில்லை, 1858ல் பாரிஸில் இறந்தார். 1857 கிளர்ச்சியின்போது மன்னரை வில்லியம் கோட்டையில் அடைத்தார்கள், 1859ல்தான் விட்டார்கள். பிறகு 1887ல் சாகும்வரை இங்கே, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தில், இழந்த லக்னோவை ஆற்றங்கரையில் மறுபடி கட்டினார்: மாளிகைகள், இமாம்பாடா, பாடகர்கள், கதக் ஆசான்கள், சமையற்காரர்கள், பட்டம் விடுகிறவர்கள், புலிகளும் பாம்புகளும் நிறைந்த விலங்குக்கூடம். ‘அக்தர்’ என்ற பெயரில் கவிதை எழுதினார். முகமதிய மன்னராக இருந்து ராதை-கண்ணன் கதையை நாடகமாக எழுதி அரங்கேற்றியவர்.

இவருடைய குணம் என்ன? கம்பெனியின் பதில் தயாராக இருந்தது: கேளிக்கையில் மூழ்கியவர், ஆளத் தெரியாதவர். லக்னோவில் இருந்த அதன் அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள் ஒரு மனிதரைப் பாத்திரமாக்கின. அந்தப் பாத்திரச் சித்திரிப்பின்மேல்தான் ஒரு நாடு பறிக்கப்பட்டது. ஊகம் அதிகாரத்தின் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நன்னூலின் செறலும் இழிப்பும் அங்கே காரணங்களாக நின்றன. அமைதி மட்டும் இல்லை.

1977ல் சத்யஜித் ராய் பிரேம்சந்தின் கதையைக் கொண்டு ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ எடுத்தார். மன்னராக அம்ஜத் கான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ‘ஷோலே’யில் கப்பர் சிங்காக நாட்டையே நடுங்கவைத்தவர். அந்தக் கொள்ளைக்கார முகத்துக்குள் பாட்டு எழுதும், கண் கலங்கும் மன்னர். 1978ல் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ இதழில் ராஜ்பன்ஸ் கன்னா ராயின் சித்திரிப்பைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ராய் அதே இதழில் நீண்ட பதில் எழுதினார். மன்னர் கலைஞரா, சோம்பேறியா, பலியானவரா என்ற வழக்கு ஒரு நூற்றாண்டு கழித்தும் முடிந்திருக்கவில்லை. ராயின் படம் மன்னரை நல்லவராக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றிக் கொடுக்கும் ஒரு மனிதர் அந்தக் கணத்தில் யாராக இருந்தார் என்று கேட்டது. அது போதுமான நியாயம் என்பது என் தீர்ப்பு.

மெட்டியாபுரூஸ் தெருவிலும் ஓர் ஊகம் உண்டு. கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு ஏன்? கையில் காசு குறைந்துபோன மன்னரின் சமையலறையில் இறைச்சிக்குப் பதில் கிழங்கு போட்டார்கள் என்பது ஒரு கதை. அன்று கிழங்கு புதிய பொருள், சமையற்காரர்கள் ஆசையோடு செய்து பார்த்தார்கள் என்பது இன்னொன்று. முதல் கதை சோகமானது, ஆகவே பரவியது. ஆனால் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வாங்கி, விலங்குக்கூடத்துக்கு அள்ளிச் செலவழித்தவர் இறைச்சிக்குப் பணமில்லாமல் கிழங்கு வாங்கினார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குணசேகரனைப் பற்றி அம்மா சொன்னதற்குச் சான்று கேட்கமாட்டேன். வாஜித் அலி ஷாவைப் பற்றி யார் எது சொன்னாலும் கேட்பேன். புனைவுப் பாத்திரத்துக்கு ஊகம் அமைதி தரும். வாழ்ந்து இறந்தவருக்கு ஆவணம்தான் தரும். சிப்தைனாபாத் இமாம்பாடாவில் அவர் சமாதி இருக்கிறது. ஊகத்துக்கு அதுவே எல்லைக்கல்.

7. வேண்டுகோள்

கொல்கத்தாவில் ஃபெலுதாவையும் பியோம்கேஷையும் பற்றி மக்கள் ஊகித்தவை அச்சில் இருக்கின்றன. சிறப்பிதழ்கள், கட்டுரைத் தொகுப்புகள், பேட்டிகள் என்று சேர்ந்திருக்கின்றன. துப்பறியும் கதையைப் படித்தவர்களில் அதைப்பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதனால் அவர்கள் பேச்சு இலக்கியமானது. தமிழ்த் தொடர்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆயிரக்கணக்கான அத்தியாயங்களுக்கு அவர்கள் அடுக்களையிலும் வாசல்படியிலும் உரை சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் காற்றோடு போயிற்று. இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ காலத்தில் எங்கள் வீட்டில் பேசியதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. யாரும் எழுதிவைக்கவில்லை, அது எழுதத் தகுந்தது என்று யாரும் நினைக்கவில்லை.

தொடர் எடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அட்டை போடுகிறீர்கள். அது நேர்மையான அட்டை. அதில் போனவரின் பெயரையும் படத்தையும் ஒரு வாரமாவது சேர்த்துப் போடுங்கள்.

தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களுக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும்: இன்று ராத்திரி தொடர் முடிந்ததும் அம்மாவிடம், மாமியாரிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், அவன் ஏன் மாறினான் என்று. அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு, அவர்கள் சொன்ன வினைமுற்றோடு, அப்படியே எழுதிவையுங்கள்.